புளிய இலைக்கு எத்தனை கண் சல்லடை?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிவிட்டு, மேற்கொண்டு நகராமல் அங்கேயே சட்டமாக உட்கார்ந்துகொண்ட ராத்திரி. எங்கள் வீட்டுத் திண்ணைப் படியில் நுரை இறங்கி வந்துகொண்டிருந்தது. கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்த என் மனைவி, "ஏங்க, இங்க வந்து பாருங்க, பால் பொங்கின மாதிரி என்னமோ வருது" என்றாள்.

பால் இல்லை, சீயக்காய்.

எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மாவு மில். 2015 நவம்பர் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து இரண்டு மோட்டாரைக் காலி பண்ணிவிட்டுப் போனது. அன்றையிலிருந்து புயல் என்று சொல்லிவிட்டாலே அரைத்து வைத்த சரக்கை எல்லாம் குட்டி யானையில் ஏற்றி, கேப்பர் மலையில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். மலை என்று பெயர்தானே ஒழிய ஒரு செம்மண் மேடு, அவ்வளவுதான். ஆனாலும் வெள்ளம் அங்கே ஏறாது. அன்றைக்கும் சீயக்காய்த் தூள் இரண்டு மூட்டை, கேழ்வரகு மாவு ஒரு மூட்டை, முன்னறைச் சுவரோரம் அடுக்கி, மேலே தார்ப்பாய் கூடப் போடாமல் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கீழே இருந்து வரும் தண்ணீருக்குப் பயந்து மேட்டில் கொண்டுவந்து வைத்த சரக்கு, மேலே இருந்து வந்த தண்ணீரில் நனைந்தது. ஒன்றரை மூட்டை சீயக்காய் போச்சு. அடுத்த இரண்டு மாசத்துக்கு அந்த அறைத் தரையில் கால் வைத்தால் வழுக்கியது.

தண்ணீர் வந்தது ஓட்டிலிருந்து இல்லை. ஓடு நன்றாகத்தான் இருந்தது. ஓட்டு ஓரத்தில் மாட்டியிருக்கும் தகரத்திலிருந்து.

இந்தச் சமாசாரத்துக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயர் எங்கள் பக்கத்தில் இல்லை. அம்மா 'தூம்பு' என்பாள். ஹார்டுவேர் கடையில் 'கட்டர்' என்று கேட்டால்தான் புரியும். தகர வேலை செய்யும் பாய் 'தண்ணித் தகரம்' என்பார். கூரைச் சரிவில் வழிந்து வரும் மழைத் தண்ணீரை ஓரத்தில் ஏந்திப் பிடித்து, பைப் வழியாகக் கீழே இறக்குகிற நீளமான வாய்க்கால். இனிமேல் தகரம் என்றே எழுதுகிறேன்.

வீடு அப்பா கட்டியது. மங்களூர் ஓடு, முன்னும் பின்னும் சரிவு. 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஊரில் பாதிப்பேர் வாசலில் ஒரு குழி தோண்டி ஜல்லியைக் கொட்டிக் கணக்குக் காட்டினார்கள். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. முன்பக்கச் சரிவு 30 அடிக்கும் தகரம் மாட்டி, ஒரு பைப் இறக்கி, 3,000 லிட்டர் சிமெண்ட் தொட்டியும் கட்டினார். அம்மா இன்றைக்கும் துவரம்பருப்பை அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் வேக வைப்பாள். போர் தண்ணீரில் மூன்று விசில் கூடுதலாக வைத்தாலும் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். உப்புத் தண்ணீர் அப்படி. மழைத் தண்ணீரில் குழைந்துவிடும்.

அப்பா மாட்டியபோது வீட்டைச் சுற்றி மரம் குறைவு இல்லை, ஆனால் தள்ளி நின்றன. பின்னால் பலா ஆறு, முந்திரி கொஞ்சம், முன்பக்கம் வலது மூலையில் வீட்டைவிட வயசான புளியமரம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தது. கடலூரில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டி வரைக்கும் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக் கிடந்தன. எங்கள் ஆறு பலாவில் மிஞ்சியது ஒன்று. புளி மட்டும் இரண்டு கிளையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது. அதற்கப்புறம் இரண்டு கோடை நாங்கள் பட்ட பாடு! ஓடு காய்ந்து, உள்ளே பகலில் படுக்க முடியாது. அந்த வேகத்தில்தான் நானும் அம்மாவும் வீட்டை ஒட்டியே வேம்பு இரண்டு, புங்கன் மூன்று நட்டோம். பக்கத்து நிலத்துக்காரர் கிழக்கே சவுக்குப் போட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வேம்பும் புங்கனும் ஓட்டுக்கு மேலே கை கோத்துக்கொண்டன. நிழல் பிரமாதம். இலையும் பிரமாதம்.

இனி அந்த டிசம்பர் முதல் தேதிக் காலை. மழை விட்டதும் ஏணி போட்டு ஏறினேன். தகரம் விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்றது, ஆனால் தண்ணீராக இல்லை. கறுப்பாக, கூழ் மாதிரி. கையை விட்டால் மணிக்கட்டு வரை போனது. மேலே மட்டும் இலை என்று தெரிந்தது. இரண்டு விரல் கீழே போனால் இலை இல்லை, நரம்பு. அதற்கும் கீழே நரம்பும் இல்லை, நல்ல கறுப்பு மண். அதில் மண்புழு! பன்னிரண்டு அடி உயரத்தில் மண்புழு எப்படி வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஓர் அரசங்கன்று, நாலே நாலு இலை, குழந்தை கை மாதிரி ஆட்டிக்கொண்டு. பிடித்து இழுத்தால் வேர் முழங்கை நீளத்துக்குப் பாயாக வந்தது. கடைசியில் பைப் வாய் இருக்கும் இடத்தைத் துழாவினேன். அங்கே ஒரே ஒரு பலா இலை, பஞ்சர் ஒட்டின மாதிரி கச்சிதமாக ஓட்டையை மூடிக்கொண்டு படுத்திருந்தது. விரலால் நெம்பி எடுத்தேன். கொடகொடவென்று சத்தம் போட்டுக்கொண்டு அத்தனையும் கீழே இறங்கியது. ஒன்றரை மூட்டை சீயக்காயின் விலை ஒரு பலா இலை.

ஏன் வெளியே வழியாமல் உள்ளே வழிந்தது என்பதற்குப் பாய் பிறகு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். தகரத்தின் முன் உதடு பின் உதட்டைவிட அரை அங்குலம் தாழ்ந்து இருக்க வேண்டும். நிறைந்தாலும் வாசல் பக்கம் வழிந்துவிடும். எங்களுடையது இருபது வருஷத்தில் கொக்கி வளைந்து, பின்பக்கம் சாய்ந்திருந்தது. நிறைந்த தண்ணீர் எல்லாம் சுவர் மேல். அந்தச் சுமையும் சும்மா இல்லை. ஆறு அங்குல அகலம், நாலு அங்குல ஆழம், 30 அடி நீளம். கணக்குப் போட்டால் தண்ணீர் மட்டுமே சுமார் 140 கிலோ. ஏறக்குறைய மூன்று மூட்டை அரிசியை ஓட்டு ஓரத்தில் தொங்கவிட்ட மாதிரி.

விஷயம் தெரிந்து வந்த மாமா முதலில் சொன்னது, "மரத்த வெட்டித் தொலைடா." அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "தானே அடிச்சப்புறம் ரெண்டு வருஷம் இந்த வீட்டுல பகல்ல தலைசாய்க்க முடிஞ்சுதா? அப்ப நீ வந்து விசிறினியா?" மாமா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மரம் இருக்கும், ஆகவே தகரத்துக்கு மூடி வேண்டும். இது எனக்கு அப்போதுதான் உதித்த யோசனை இல்லை. முன்னாடியே இரண்டு முறை போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தேன்.

முதல் தடவை கோழி வலை. முக்கால் அங்குலக் கண். மலிவு, கத்தரிக்கோலிலேயே வெட்டலாம், தகரத்தின் மேல் வளைத்து நடுவில் கம்பியால் கட்டிவிட்டேன். பலா இலை, மா இலை எல்லாம் மேலேயே நின்றன. பெருமையாக இருந்தது. ஆனால் புளிய இலை அந்தக் கண் வழியாகத் திருவிழாக் கூட்டம் மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே சேர்ந்ததை எடுக்க வேண்டும் என்றால் வலையைப் பிரிக்க வேண்டும். வலைக் கண்ணில் புங்க இலைக் காம்பு கோத்துக்கொண்டு வராது. இரண்டாவது வருஷம் கடற்காற்றில் வலையே துருப்பிடித்துத் தொட்டால் உதிர்ந்தது. துரு விழுந்த தண்ணீரைப் பார்த்து அம்மா தொட்டியை மூடிவிட்டாள்.

அடுத்தது ஆன்லைனில் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் வலை. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் மாட்டுவார். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. காக்காய்களுக்கு அந்த வலை மேல் என்ன கோபமோ, ஒரு முனையைக் கொத்திக் கொத்தித் தூக்கிவிட்டன. ஒரு சித்திரை வெயில் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. அதே சமயத்தில் சோதனைக்கு ஒரு மீட்டர் பிரஷ்ஷும் வாங்கினேன். பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை மூன்று பங்கு பெரிதாக்கித் தகரத்துக்குள்ளேயே படுக்க வைக்கிற மாதிரி. வேப்ப இலை உதிர்ந்த பிறகு மிஞ்சும் ஈர்க்கு இருக்கிறதே, அது அந்தப் பிரஷ்ஷுக்குள் சீப்பில் முடி சிக்கின மாதிரி சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுத்தது என் மகள். ஒரு மீட்டருக்கு முக்கால் மணி நேரம். மீதி 27 அடிக்கு ஆர்டர் போடவில்லை.

புயலுக்கப்புறம் அமெரிக்கா, ஆஸ்திரேலியாக்காரர்களின் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். அங்கே இது பெரிய தொழில். வலை, ஸ்பாஞ்சு, துளை போட்ட அலுமினியத் தகடு, நுண்ணிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை என்று ரகம் ரகமாக. ஒரு ரகத்தில் முழுக்க மூடின தகடுதான். முன்னால் வளைந்திருக்கும், தண்ணீர் அந்த வளைவை ஒட்டிக்கொண்டே திரும்பி உள்ளே போகும், இலை மட்டும் நேராகப் போய்க் கீழே விழும். பார்க்க வித்தை மாதிரி இருந்தது. நம் பேய்மழையில் அந்த வேகத்துக்குத் தண்ணீர் வளைவில் ஒட்டுமா, இலையோடு சேர்ந்து நேராகக் குதிக்குமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. தவிர, அவர்கள் வீட்டுக் கூரை தட்டையான அட்டை மாதிரி. மூடியின் ஒரு ஓரத்தை அதன் அடியில் செருகிவிடுகிறார்கள். நம் ஓட்டின் ஓரம் அலை அலையாக இருக்கும்.

பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. அவர்களுடைய பஞ்சாங்கம் வேறு. அமெரிக்காவில் பல இடங்களில் இலை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்ந்துவிடும், அப்புறம் பனி. நமக்கு மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் கொட்டுகின்றன, சித்திரையில் பூ, ஆடிக் காற்றில் சுள்ளியும் புழுதியும், அத்தனையும் வெயிலில் காய்ந்து தூளாகிப் படிந்து கிடக்கும்போது ஐப்பசியில் மழை வருகிறது. காய்ந்த தூளில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு மாவு மில்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்? பிசைந்த மாவு ஆகும்.

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. இருபத்தாறு வருஷமாகச் சல்லடையோடு குடித்தனம் நடத்துகிறேன். எத்தனை கண் சல்லடையில் எது நிற்கும், எது இறங்கும் என்பதுதான் என் சோறு. அதை வீட்டில் மட்டும் மறந்துவிட்டு வெள்ளைக்காரர் சிரிப்பைப் பார்த்து வலை வாங்கியிருக்கிறேன்.

சல்லடை பற்றி மில்லில் தினமும் படிக்கிற பாடம் மூன்று. கண் சின்னதானால் மாவு நைஸாக வரும், ஆனால் வேகம் குறையும். "எவ்ளோ நேரம்பா" என்று அக்காமார்கள் திட்டுவார்கள். மிளகாய் சரியாகக் காயாமல் ஈரமாக வந்தால் எந்தக் கண்ணும் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, சல்லடை தானாக ஒன்றையும் சலிக்காது. தட்ட ஆள் வேண்டும்.

புயலுக்கு அடுத்த மாசி மாசத்தில், ஒரு வாரம் முன்பக்க ஓட்டில் விழுந்த இலையை அப்படியே கூட்டி எடுத்து முறத்தில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து பிரித்தாள். பாதிக்கு மேல் புளிய இலை. ஒரு புளியங்கொத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலை இருக்கும், உதிரும்போது தனித்தனியாக உதிரும், ஒவ்வொன்றும் விரல் நக அகலம்கூட இருக்காது. கால் பங்கு வேப்ப இலையும் ஈர்க்கும். அப்புறம் புங்கன். பலா ஏழு இலை, மா மூன்று. கிழக்கிலிருந்து காற்றில் வந்த சவுக்கு ஒரு பிடி. அம்மா அதைத் 'தாடி' என்று தனியாக வைத்தாள். நான் இத்தனை நாள் பலா இலையை எதிரியாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குப் பெரியதாகத் தெரிவது அதுதானே. பலா வாசலை அடைத்தது சரி. தகரத்தை நிரப்பியது புளி.

மில்லிலிருந்து மூன்று பழைய சல்லடை கொண்டுவந்தேன். அங்குலத்துக்கு நாலு கண், பத்துக் கண், இருபது கண். நாலு கண்ணில் புளிய இலை ஜாலியாக இறங்கியது. பத்துக் கண்ணில் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். அதில் புளி நின்றது, பொடிந்த துணுக்கு மட்டும் இறங்கியது. இருபது கண்ணில் எதுவும் இறங்கவில்லை. அப்போ இருபதுதானே சிறந்தது? அதற்கு ஹோஸ் பைப்பை எடுத்தேன். சல்லடைகளைப் பத்து நாள் ஓட்டு மேலேயே போட்டு வெயிலும் புழுதியும் படவிட்டு, பிறகு ஒரு துண்டுத் தகரத்தின் மேல் வைத்துத் தண்ணீர் அடித்தேன். இருபது கண் சல்லடையில் சேப்பங்கிழங்கு இலை மேல் ஊற்றின மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, உள்ளே இறங்காமல் முன்னால் போய்க் குதித்தது. கொஞ்ச நேரம் நனைந்த பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. அப்போதும் குடத்தைக் கவிழ்த்தால் பாதி வெளியே. பத்துக் கண் முதல் சொட்டிலிருந்தே குடித்தது. "தண்ணி வராத ஊர்ல ரோட்ல தண்ணி ஊத்தி வெளையாடுறீங்களா" என்று மனைவி மோட்டாரை நிறுத்திவிட்டாள். அதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்த கேள்வி, தட்டுவது யார்? படுக்கை வாட்டத்தில் வைத்தால் ஈர இலை சல்லடை மேல் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. ஓட்டின் சரிவிலேயே சாய்த்து வைத்தால் தண்ணீரின் வேகத்தில் பாதி இலை தானாக வழுக்கி விழுந்தது. மீதி காய்ந்ததும் காற்றுக்குப் பறந்தது. அப்படியானால் தட்டுகிற ஆள் காற்றும் சரிவும்தான்.

வைகாசியில் பாயை வரச்சொன்னேன். அவரிடம் ஒரு நல்ல குணம், எதைச் சொன்னாலும் முதலில் "வேணாம் அண்ணே" என்பார். முழு நீளத்துக்கும் வலையை அடித்துவிடலாம் என்றேன். "வேணாம் அண்ணே. என்னிக்கிருந்தாலும் கழட்டத்தான் வேணும். ஜன்னல் கதவு மாதிரி பண்ணித் தர்றேன்" என்றார். மூன்றடிக்கு ஒரு சட்டம், மொத்தம் பத்து. பின் ஓரத்தை மடித்து, கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் ரீப்பர் மேல் உட்காருகிற மாதிரி ஒரு தகரப் பட்டை. ஓட்டின் அலைக்கு அடியில் இருக்கும் சந்தில்தான் அணில் கூடு கட்டும். அந்தப் பட்டையிலேயே பல் பல்லாக வெட்டிச் சந்தையும் அடைத்தார். முன் ஓரம் தகரத்தின் உதட்டில் கொக்கியில் மாட்டும். கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஒரு கை போதும். இந்த வேலை முழுவதிலும் உருப்படியான யோசனை அதுதான், அது என்னுடையது இல்லை.

வலை புதுச்சேரியில் வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்று இரண்டு நம்பர் சொல்வார்கள். மில்லுக்கு 304 தாராளம். உப்புக் காற்றுக்கு 316 தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. கோழி வலைத் துருவை நினைத்து 316 வாங்கினேன். கொண்டுவந்து கொடுத்தால் பாய் நேராக ஜி.ஐ. தகரத்தில் வைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி நடுவில் வைத்தார். "ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியும் ஒண்ணா சேர்ந்தா ஒண்ணு ஒண்ணைத் தின்னும் அண்ணே. ஸ்டீலு தப்பிச்சுக்கும், தகரத்து மேல இருக்கற துத்தநாகம்தான் போவும்" என்றார். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரியில் நான் வாங்கிய மார்க்கை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அப்பாவின் ஒற்றைப் பைப்பையும் மாற்றினோம். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் முன்பக்கச் சரிவு தரையளவில் சுமார் 40 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் 2,000 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு இரண்டு பெரிய குடத்துக்கு மேல், விடாமல். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பக்கம் பெய்தது. அது என் ஓட்டில் பெய்திருந்தால் 19,000 லிட்டருக்கு மேல். அப்பாவின் தொட்டி ஆறு தடவை நிறையும். அத்தனையும் ஒரு இரண்டரை அங்குலப் பைப்பில் போக வேண்டும் என்றால் இலை இல்லாவிட்டாலும் திணறும். இப்போது இரண்டு முனையிலும் நாலு அங்குலப் பைப். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பத்தடிக்கு அரை அங்குலம் வாட்டம். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்த்துக் கொக்கி அடித்தார்கள். தொட்டிக்குப் போகும் பைப்பில் 'T' மாதிரிப் பிரிகிற ஒரு ஜாயின்ட் வைத்து மூடி போட்டிருக்கிறது. முதல் இரண்டு மழையின் அழுக்குத் தண்ணீரை அதில் திறந்து செடிக்கு விட்டுவிடுவோம். வலை போட்டாலும் காக்காய் எச்சத்தை வலை தடுக்காதே.

செலவு? சீயக்காய் நஷ்டத்தைவிட அதிகம். மனைவி இதைப் படிப்பாள், தொகை போடவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு நல்ல மழை. குடையோடு வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பது சட்டம் குடித்தது. புளியமரக் கிளைக்கு நேர்க் கீழே இருக்கும் எட்டாவது சட்டத்தில் மட்டும் தண்ணீர் தாண்டிக் குதித்தது; புளிய இலையும் ஆடிப் புழுதியும் சேர்ந்து அடை தட்டி வைத்த மாதிரி மேலே ஒரு படலம். மூங்கில் கழியில் கட்டி வைத்திருந்த தென்னந்துடைப்பத்தால் கீழே நின்றபடியே இரண்டு இழுப்பு. படலம் மொத்தமாகச் சரிந்து என் தலையில் விழுந்தது. தண்ணீர் இறங்கிவிட்டது.

வலை போட்டால் சுத்தம் பண்ணவே வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். எங்கள் மாதிரி புளியமரத்தடி வீட்டில் அது நடக்காது. ஏணியில் ஏறிக் கையை விட்டு அள்ளின வேலை, தரையில் நின்று துடைப்பத்தால் இழுக்கிற வேலையாக மாறியிருக்கிறது. எனக்கு அதுவே போதும். சித்தப்பா ஒருவர் இதே மாதிரி இலை அள்ளப் போய் ஏணி சறுக்கிக் குதிகால் எலும்பு உடைந்து மூன்று மாசம் படுத்தார். கழி மூங்கிலாகவே இருக்கட்டும். எங்கள் வாசலில் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வருகிறது, அலுமினியக் கழியைத் தூக்கிக்கொண்டு அதனடியில் ஆடக் கூடாது.

சவுக்கு விஷயத்தில் மட்டும் தோல்விதான். அந்தத் தாடி ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, முனையைக் கீழே காட்டி விழுந்தால் பத்துக் கண் சல்லடை அதற்கு வாசற்கதவு. பாதி இறங்கிவிடுகிறது, பாதி குண்டூசி மெத்தையில் குத்தின ஊசி மாதிரி நெட்டுக்குத்தலாக நிற்கிறது. சட்டத்தைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினால்தான் விழும். தொட்டி வாயில் கட்டியிருக்கும் துணியில் போன வாரம் ஒரு கைப்பிடி எடுத்தேன். பக்கத்து நிலத்துக்காரர் தை மாசம் சவுக்கு வெட்டப் போவதாகச் சொல்கிறார். போன தையிலும் அப்படித்தான் சொன்னார்.

கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் அக்கா புரட்டாசியில் வந்தார். போன வருஷம் தகரத்தில் தேங்கின தண்ணீரில் புழுவைக் காட்டி, "இதுல ஒரு வாரம் தண்ணி நின்னா போதும் சார், டெங்கு கொசு உங்க வீட்டுலேர்ந்துதான் தெருவுக்கே போவுது" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கியவர். இந்த வருஷம் ஒரு சட்டத்தைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே காய்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கவிழ்க்காமல் கிடந்த பழைய உரலைக் காட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்ததில் அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. போன டிசம்பரில் தகரத்திலிருந்து அள்ளிய கறுப்பு மண் ஏழு தட்டு வந்தது. அதை அவள் ரோஜாத் தொட்டிகளில் போட்டிருந்தாள். அந்தச் செடி பங்குனியில் பூத்த பூ மாதிரி அதற்கு முன் பூத்ததில்லை. நேற்று மழை விட்டதும் வாசலில் நின்று தகரத்தை அண்ணாந்து பார்த்தவள், "அந்தக் கோடியில ஒரு ரெண்டு சட்டத்த மட்டும் எடுத்து விட்டுடேன்டா" என்றாள்.